சுயபுத்தியின்மேல் சாயாமல் நடக்கப் பழகுவது எப்படி?

விசுவாசத்துக்குள் வந்த புதிதில் முதலில் மனப்பாடமாகிற வசனங்களில் ஒன்று நீதிமொழிகள் 3:5, 6. “உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து, உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள், அப்பொழுது அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்.” சுவரில் மாட்டியிருப்போம், வாழ்த்து அட்டையில் எழுதிக் கொடுப்போம். ஆனால் திங்கட்கிழமை காலையில் இந்த வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. எனக்கும் பல ஆண்டுகள் வரவில்லை.

வராததால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒரு சகோதரர் தொழில் தொடங்கக் கடன் வாங்கினார். ஜாமீன் கையெழுத்துக்கு என்னிடம் வந்தார். நல்ல மனிதர், ஜெபக் கூட்டத்துக்குத் தவறாதவர். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு இருவரும் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்” என்று ஜெபித்தோம். எட்டாவது மாதம் தொழில் படுத்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் அந்தத் தவணையைக் கட்டியவன் நான். பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல, அந்தப் பத்து நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. உதவி செய்வது நல்லதுதானே, இதில் கர்த்தரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. சுயபுத்தி பெரும்பாலும் இப்படித்தான் வரும். நெருக்கடியில் எல்லோரும் ஜெபிக்கிறோம். “இது தெரிந்த விஷயம்தானே” என்று நினைக்கிற இடத்தில்தான் கேட்காமல் போகிறோம். இந்தக் கட்டுரையில் உள்ள படிகள் எல்லாம் அந்த ஓர் இடத்தைக் குறிவைத்தவை.

முதற்படி: ‘சாய்தல்’ என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வசனம் யோசிக்காதே என்று சொல்லவில்லை, சாயாதே என்கிறது. அதற்கு எபிரேயத்தில் உள்ள வினைச்சொல் உடல் பாரத்தை ஒன்றின்மேல் போடுவதைக் குறிக்கும். கில்போவா மலையில் சவுல் தன் ஈட்டியின்மேல் சாய்ந்து நின்றதற்கும் (2 சாமுவேல் 1:6), கண் பிடுங்கப்பட்ட சிம்சோன் தூண்களின்மேல் சாய்ந்துகொள்ள அனுமதி கேட்டதற்கும் (நியாயாதிபதிகள் 16:26) அதே சொல்தான். அது விலகினால் விழுந்துவிடுவோம் என்கிற அளவுக்கு எதன்மேல் பாரத்தைப் போட்டிருக்கிறோமோ, அதன்மேல்தான் சாய்ந்திருக்கிறோம்.

புத்தி வேண்டும். கையில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு நடப்பது வேறு, முழு உடம்பையும் அதன்மேல் போடுவது வேறு. எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அசீரியர் படை வருகிறது என்றதும் இடிந்த மதிலைக் கட்டினான், வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்தான் (2 நாளாகமம் 32). நகரத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தான் என்றும் வேதம் சொல்கிறது (2 இராஜாக்கள் 20:20). எருசலேமில் பாறையைக் குடைந்து சீலோவாம் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கம் பொதுவாக அவன் காலத்தது என்று கருதப்படுகிறது. நீளம் ஏறக்குறைய 530 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் குடைந்துவந்த ஆட்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. இதெல்லாம் மூளையைக் கழற்றி வைத்தவர்கள் செய்கிற வேலையல்ல.

ஆனால் ஏசாயா 22ஆம் அதிகாரத்தைத் திறந்தால் எருசலேமின் மதிலையும் தண்ணீர் ஏற்பாட்டையும் சொல்லி, கர்த்தர் கடிந்துகொள்கிறார். வீடுகளை எண்ணினீர்கள், அவற்றை இடித்து மதிலை அரணாக்கினீர்கள், இரண்டு மதில்களுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கினீர்கள். இதையெல்லாம் ஏற்படுத்தின தம்மை நோக்கவில்லையே என்கிறார். மதில் கட்டியதை அவர் குற்றம் சொல்லவில்லை. கட்டியவர்களின் கண் எங்கே இருந்தது என்றுதான் கேட்கிறார்.

ஒரு குறிப்பு, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். “கர்த்தரை நம்புகிறேன்” என்று மருந்தை நிறுத்தாதீர்கள். யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். எசேக்கியா வியாதிப்பட்டபோது கர்த்தர் சுகம் தருவதாக வாக்குக் கொடுத்த பின்பும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பருவின்மேல் வைக்கச் சொன்னான். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியன். மாத்திரையை விழுங்கிக்கொண்டே கர்த்தர்மேல் சாயலாம்.

இரண்டாவது: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

சின்ன நோட்டு ஒன்று போதும். ஏழு நாள், இரவு படுக்கும் முன் அன்று எடுத்த முடிவுகளை எழுதுங்கள். பெரியது சின்னது பார்க்க வேண்டாம். யாருக்கோ கடுமையாகப் பதில் அனுப்பியது, ஒரு பொருளை வாங்கியது, ஒரு பொறுப்பை ஏற்றது, பிள்ளையைத் திட்டியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி. முடிவெடுக்கும் முன் கேட்டேன் என்றால் ‘மு’. எடுத்த பிறகு ஆசீர்வதிக்கச் சொன்னேன் என்றால் ‘பி’. கேட்கவே இல்லை என்றால் ஒரு கோடு.

என்னுடைய முதல் வாரத்தில் முப்பத்தொரு முடிவுகள் இருந்தன. ‘மு’ இரண்டு. அந்த இரண்டும் எனக்குப் பயம் தந்த விஷயங்கள். பணம், வேலை, நான் நன்றாகத் தெரியும் என்று நினைத்த மனிதர்கள், எல்லாவற்றுக்கும் கோடு. உங்கள் நோட்டில் கோடுகள் எங்கே நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள், நீங்கள் உண்மையில் சாய்ந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். கெட்டிக்காரர்களுக்குத் தொழிலில் விழும். அன்பானவர்களுக்கு உறவில் விழும். எனக்கு, உதவி என்று யாராவது கேட்டால் விழுகிறது.

இதைப் பார்த்துக் குற்றவுணர்ச்சியில் மூழ்க வேண்டாம். காலையில் எந்தச் சட்டை போடுவது என்று கேட்டு அரைமணி நேரம் நிற்கவும் வேண்டாம். அப்படிப் போய் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அது நம்பிக்கையல்ல, பயம்.

மூன்றாவது: ‘சரி’ சொல்லும் முன் ஓர் இரவு

இந்தப் படிக்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான் வேலை செய்யும்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கிபியோனின் குடிகள் தூர தேசத்திலிருந்து வந்தவர்கள்போல வேஷம் போட்டு, இஸ்ரவேலரிடம் சமாதான உடன்படிக்கை கேட்டு வருகிறார்கள். பழைய கோணிகள், கிழிந்து தைத்த திராட்சரசத் துருத்திகள், பழுதுபார்த்த பாதரட்சைகள், உலர்ந்து பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலர் ஏமாளிகள் அல்ல. “நீங்கள் எங்கள் நடுவிலே குடியிருக்கிறவர்களாக்கும்” என்று சந்தேகப்பட்டார்கள். நீங்கள் யார், எங்கேயிருந்து வந்தீர்கள் என்று அவர்களுடைய தலைவன் யோசுவா விசாரித்தான். அவர்களுடைய உணவையும் எடுத்துப் பார்த்தார்கள். விசாரணையில் குறை ஒன்றும் இல்லை. வேதம் சொல்லும் குறை ஒன்றே ஒன்று: கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. உடன்படிக்கை முடிந்த மூன்றாம் நாள், அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது.

அப்பம் காய்ந்திருக்கிறதே, கண்ணால் பார்த்தோமே, இதில் கேட்க என்ன இருக்கிறது? என்னுடைய ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான். ஆளைப் பார்த்தேன், அவருடைய ஜெபத்தைப் பார்த்தேன், போதும் என்று நினைத்தேன்.

அதனால் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு பழக்கம்: பணம், வாக்குறுதி, பொறுப்பு, உறவு ஆகிய நான்கில் எது வந்தாலும் “நாளை சொல்கிறேன்” என்பது. மறுப்பதற்காக அல்ல, கேட்பதற்கு ஓர் இரவு கிடைப்பதற்காக. இப்போதே பதில் வேண்டும் என்று யாராவது நெருக்கினால், அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிறேன். விபத்து, ஆபத்து போன்றவை வேறு. அங்கே நெகேமியா ராஜாவுக்கு முன்னால் நின்றுகொண்டே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்ததுபோல ஒரு மூச்சில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

ஏற்கெனவே ஒருமுறை கேட்டுப் பதில் பெற்ற விஷயமாயிற்றே என்பீர்கள். தாவீதுக்கும் அப்படி ஒரு நிலை வந்தது. பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பரவியபோது, போகலாமா என்று கேட்டான்; போ என்றார்; ஜெயித்தான். அவர்கள் திரும்பவும் அதே பள்ளத்தாக்கில் வந்து பரவினார்கள். அதே எதிரி, அதே இடம், கையில் புதிதாக ஒரு வெற்றி. அப்படியிருந்தும் தாவீது மறுபடி கேட்டான் (2 சாமுவேல் 5:23). இந்த முறை பதில் வேறு. நேராகப் போகாதே, பின்னால் சுற்றிப் போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் நடக்கிற இரைச்சலைக் கேட்கும்போது எழும்பு. கேட்காமல் போயிருந்தால் போன தடவையின் ஞானத்தோடு போயிருப்பான். அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் சுயபுத்தி அதையும் தன் உடையாகப் போட்டுக்கொள்ளும்.

அந்த இரவில் என்ன செய்வது?

எசேக்கியா செய்ததையே செய்யுங்கள். அசீரிய ராஜா சனகெரிப்பின் மிரட்டல் கடிதம் வந்ததும் வாங்கி வாசித்தான், ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (2 இராஜாக்கள் 19:14). ஒரு தாளை எடுத்து விஷயத்தை எழுதி மேஜைமேல் விரித்து வையுங்கள். மூன்று வரி போதும்.

முதல் வரியில் உள்ள நிலைமை, கூட்டாமல் குறைக்காமல். எசேக்கியாவின் ஜெபத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அசீரிய ராஜாக்கள் மற்ற தேசங்களை நாசமாக்கியது மெய்தான் என்று அவன் ஒப்புக்கொள்வது. எதிரி சொன்னதில் உண்மையாக இருந்ததை அவன் மறைக்கவில்லை. வங்கிக் கணக்கில் பணம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

இரண்டாவது வரியில் உங்கள் ஆசை. இதை எழுதத்தான் கை கூசும். “இந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும், காரணம் அண்ணனைவிட அதிகம் சம்பாதிக்க வேண்டும்” என்று ஒருமுறை எழுதி, எழுதிய பிறகு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், எந்தக் காரியத்திலும் முதல் வேலையாகத் தன் மனதுக்கென்று ஒரு விருப்பம் இல்லாத நிலைக்கு வரப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நிலை நமக்கு ஓர் இரவில் வராது. ஆசையை மறைக்காமல் எழுதினால் அதன் பிடி கொஞ்சம் தளரும், தொடக்கத்தில் அது போதும்.

மூன்றாவது வரி யாக்கோபு 1:5. “உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்...” என்று தொடங்குவது. கொடுக்கிறவர் “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்” என்று அங்கே எழுதியிருக்கிறது. இது கூடவா தெரியாது என்று கேட்கமாட்டார்.

பிறகு தூங்குங்கள்.

நான்காவது: எழுதப்பட்டதை மறுபடி கேட்காதீர்கள்

சில விஷயங்களுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. பொய்க் கணக்கு எழுதலாமா, மன்னிக்க வேண்டுமா, துணைக்கு உண்மையாக இருக்க வேண்டுமா என்பதற்கெல்லாம் ஓர் இரவு காத்திருக்கத் தேவையில்லை. சொல்லப்பட்டதைச் செய்யாமல் சொல்லப்படாததைக் கேட்டுக்கொண்டிருப்பது, பக்தி வேஷத்தில் வரும் சுயபுத்திதான்.

சொல்லப்படாத விஷயத்தில் வேதத்தைக் குறிசொல்லும் புத்தகமாக்காதீர்கள். கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொண்டு வீடு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் வரிசையாக வாசியுங்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்று ஒரு மாதம் வாசித்தாலே வசனங்கள் சரியான வேளையில் தாமாக எழும்பும். என் பத்து நிமிடத்தில் எழும்பாததற்குக் காரணம், அந்த வசனத்தைத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, வாசிப்பதை விட்டுப் பல மாதமாகியிருந்தது.

கர்த்தரிடம் அடையாளம் கேட்டு கிதியோன் இரவில் விரித்துவைத்த ஆட்டுத்தோலைப் பலரும் முன்மாதிரியாகச் சொல்வார்கள். தோலை விரிக்கும் முன்பே கர்த்தர் அவனுக்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருந்தார். “நீர் சொன்னபடி” என்று அவனே ஜெபத்தைத் தொடங்குகிறான் (நியாயாதிபதிகள் 6:36). அவனுடைய பலவீனத்துக்கு இரங்கியதை நாம் வழிமுறை ஆக்கிவிட்டோம்.

ஐந்தாவது: இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவர் மறுத்துப் பேசுகிறவராக இருக்கட்டும்

“ஆலோசனையில்லாமையால் எண்ணங்கள் சித்தியாமற்போம்; ஆலோசனைக்காரர் அநேகர் உண்டானால் அவைகள் உறுதிப்படும்” என்கிறது நீதிமொழிகள் 15:22. ஆனால் நமக்குச் சாதகமாகப் பேசுகிறவர்களையே தேடிப் போவதும் நம் வழக்கம். விசுவாசத்தில் உங்களைவிட மூத்தவர் ஒருவர், அந்தத் துறை தெரிந்தவர் ஒருவர். பண விஷயத்துக்குப் பணம் தெரிந்தவரிடமே கேளுங்கள். போதகருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் பாரம்.

ஆவிக்குரிய மனிதர்களும் தங்கள் மனதிலிருந்து பேசிவிடுவதுண்டு. ஆலயம் கட்ட வேண்டும் என்று தாவீது சொன்னதும், நாத்தான் தீர்க்கதரிசி, உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று உடனே சொல்லிவிட்டான். அன்று இரவே கர்த்தர் அவனிடம் பேசினார். காலையில் வந்து அதை மாற்றிச் சொன்னான் (2 சாமுவேல் 7). நாத்தான் நல்ல தீர்க்கதரிசி. அவனுக்கும் ஓர் இரவு தேவைப்பட்டது. ஆகவே, இன்னாரைத் திருமணம் செய், இவ்வளவு காணிக்கை கொடு, வேலையை விடு என்று “கர்த்தர் சொன்னார்” முத்திரையோடு யாராவது உங்களிடம் வந்தால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மற்ற படிகளைக் கடக்கவிடுங்கள். உண்மையாகவே அவர் சொன்னதென்றால் நாளைக்கும் உண்மையாக இருக்கும்.

ஆறாவது: முடிவெடுத்து நடங்கள்

இடி முழங்கக் காத்திருக்க வேண்டாம். பரத்திலிருந்து வருகிற ஞானத்தின் அடையாளங்களை யாக்கோபு 3:17 சொல்கிறது: சுத்தமுள்ளது, சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கம் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. உங்கள் முடிவை அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேறினால் நடங்கள். பவுல் ஆசியாவில் வசனம் சொல்லத் தடுக்கப்பட்டார், பித்தினியாவுக்குப் போக முயன்றார், அங்கேயும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியனின் தரிசனம் வந்தது (அப்போஸ்தலர் 16). நடந்துகொண்டிருந்த மனிதருக்குத்தான் கதவுகள் மூடின, திறந்தன.

பதிலே வராமல் நாட்கள் நீண்டால்? இங்கே எளிதான வழி எதுவும் எனக்குத் தெரியாது. சவுல் ஏழு நாள் காத்திருந்தான், சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறினார்கள், சாமுவேலுக்குக் காத்திராமல் தானே துணிந்து பலியிட்டான், முடித்த உடனே சாமுவேல் வந்து நின்றான் (1 சாமுவேல் 13). சந்ததி தருவேன் என்ற வாக்குக்காகக் காத்திருந்த ஆபிராம் 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டார். 86ஆம் வயதில், மனைவி சாராய் யோசனை சொல்லிக் கொடுத்த அடிமைப்பெண் ஆகார் மூலமாக இஸ்மவேல் பிறந்தான். வாக்குப்படி ஈசாக்கு பிறந்தபோது வயது 100. சாராயின் யோசனை அந்தக் காலத்து வழக்கப்படி நியாயமான யோசனைதான். காத்திருக்கிற நாட்களில் நமக்கு வருகிற யோசனைகளும் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். அந்த நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான்: நேற்று தெளிவாகத் தெரிந்த கடமையை இன்றும் செய்கிறேன், புதிய வாக்கு எதையும் கொடுப்பதில்லை.

கேட்காமல் முடிவெடுத்துத் தவறாகப் போய்விட்டதா?

பலர் இந்தக் கட்டுரைக்கு வருவது இந்தக் கேள்வியோடுதான் இருக்கும். கிபியோனுக்கே திரும்பிப் போவோம். ஏமாற்றி வாங்கிய உடன்படிக்கை என்று தெரிந்த பிறகும் யோசுவா அதை முறிக்கவில்லை. கர்த்தர் பேரில் இட்ட ஆணை, அது நிற்கும் என்று சபையின் பிரபுக்கள் சொன்னார்கள். அடுத்த அதிகாரத்தில் எமோரியரின் ஐந்து ராஜாக்கள் கிபியோனை முற்றுகையிடுகிறார்கள். யோசுவா கில்காலிலிருந்து இரவு முழுவதும் நடந்து உதவிக்குப் போகிறான். சூரியன் கிபியோன்மேல் தரித்து நின்ற நாள் அதுதான். கேட்காமல் செய்த உடன்படிக்கையைக் காப்பாற்றப் போன இடத்தில் அது நடந்தது. இதை வாசித்த நாளில் என் தவணைச் சீட்டை எடுத்து வேதாகமத்தில் அந்தப் பக்கத்தில் வைத்தேன். கட்ட வேண்டியதைக் கட்டினேன். சகோதரரோடு பேசுவதை நிறுத்தவில்லை. முதல் ஆண்டு அது கடினமாக இருந்தது.

கடைசித் தவணை முடிந்து சில மாதம் கழித்து வேறொருவர் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல மனிதர், இவரும் ஜெபக் கூட்டத்துக்குத் தவறாதவர். பேனாவையும் அவரே மூடி கழற்றி நீட்டினார்.

“நாளை சொல்கிறேன்” என்றேன்.

“இதில் யோசிக்க என்ன அண்ணா இருக்கிறது?” என்றார்.

“தெரியவில்லை தம்பி. அதைத்தான் கேட்கப்போகிறேன்.”